ஒரு கரகரப்புக்குத் திட்டு, இன்னொன்றுக்குக் கைத்தட்டலா?

கேள்வி: அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் 'செயிண்ட் ஆங்கர்' ஆல்பத்தை ஒலிப்பதிவு மோசம் என்று ஒதுக்குகிறார்கள். நார்வேயின் பிளாக் மெட்டல் குழுவான டார்க்த்ரோனின் கரடுமுரடான பதிவை மட்டும் கொண்டாடுகிறார்களே, இது என்ன நியாயம்?

பதில்: நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன். டார்க்த்ரோன் 1994இல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' வெறும் நாலு டிராக் கருவியில், அதாவது நாலே ஒலித்தடங்கள் கொண்ட எளிய பதிவுக் கருவியில் பதிவானது. கிட்டார்கள் ஒரே இரைச்சலாக இறங்கும். டிரம்ஸ் எங்கோ பின்னால் தடதடக்கும். ஒரே ரிஃப் (சின்ன கிட்டார் இசைத்துண்டு) திரும்பத் திரும்ப வந்து நம்மை உள்ளே இழுக்கும் இசை அது. அந்த மங்கல் இல்லையென்றால் அதன் குளிர்ச்சியே போய்விடும்.

'செயிண்ட் ஆங்கர்' (2003) கதை வேறு. ஸ்னேர் டிரம்முக்கு அதன் சடசடப்பைத் தருவது அடியில் உள்ள கம்பிகள்தான்; அவை வேலை செய்யாதபடி விட்டுவிட்டு மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் வாசித்தார். காலிப் பாத்திரத்தைத் தட்டுவதுபோல 'டங் டங்' என்று கேட்கும். ஒரு பாட்டுக்கு இது புதுமைதான். ஆனால் ஆல்பம் 75 நிமிடம் ஓடுகிறது, நடுவே ஒரு கிட்டார் சோலோகூட (கிட்டார் தனி வாசிப்பு) இல்லை. காது வேறெங்கே போகும்? அந்த ஸ்னேரிலேயே போய் மாட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் தயாரிப்பாளர் பாப் ராக், 1991இன் 'மெட்டாலிகா' ஆல்பத்துக்கு அந்தக் கனத்த, தெளிவான ஒலியைக் கொடுத்த அதே மனிதர். ரசிகர்கள் அந்த ஒலியை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே மனசு ஆறாதது மெட்டாலிகாவின் அடுத்த ஆல்பமான 'டெத் மேக்னடிக்' (2008). பாடல்கள் அருமை. ஆனால் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றியதில் ஒலியலைகளின் முகடுகள் வெட்டுப்பட்டுவிட்டன. டிரம் அடி விழும் இடமெல்லாம் பிசிறடிக்கும். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் இவ்வளவு நசுக்கப்படாமல் வந்தன. அதனால் ரசிகர்கள் கையில் ஆதாரமே கிடைத்துவிட்டது; மறுபடி மிக்ஸ் செய்யுங்கள் என்று மனுப் போட்டார்கள். நீங்களும் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். ஒன்று: சத்த அளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

அப்புறம், இதே குழுவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டார் ஏறக்குறையக் கேட்கவே கேட்காது. இன்றுவரை குறை சொல்கிறார்கள், இன்றுவரை அதை விடாமல் கேட்கவும் செய்கிறார்கள். வெட்டி வெட்டி வரும் அந்த ரிஃப்புகளுக்கு அந்த வறட்சி கூர்மை சேர்த்துவிட்டது என்பது என் எண்ணம்.