அந்தச் சிறுமிக்காகப் பேசியது யார்?

கேள்வி: நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களில் நடக்கும் அமெரிக்க போலீஸ் படங்களில் வன்முறையும் அத்துமீறலும் ஏன் இவ்வளவு ரசிக்க வைக்கின்றன? அந்தப் படங்களில் பெண்களுக்கு என்ன இடம்?

இதை இரண்டு கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கான விடை இரண்டாவது கேள்விக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். போலீஸ்காரர் அடிக்கும் அடி நமக்கு ருசிக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் படத்தில் ஒரு பெண் சாக வேண்டியிருக்கிறது.

சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டில், விடுதி அறையில் ஆறு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து ‘டர்ட்டி ஹாரி’ பார்த்தோம். 1971-இல் வந்த படம். இயக்கம் டான் சீகல். சான் ஃபிரான்சிஸ்கோ இன்ஸ்பெக்டர் ஹாரி கேலஹனாக கிளின்ட் ஈஸ்ட்வுட். ஸ்கார்பியோ என்ற கொலைகாரன் பதினான்கு வயதுச் சிறுமியைக் கடத்தி, மண்ணுக்குள் புதைத்து வைத்திருப்பதாகச் சொல்லி 2 லட்சம் டாலர் கேட்கிறான். கீசர் ஸ்டேடியத்தில் ஹாரி அவனைக் காலில் சுட்டு வீழ்த்துகிறார். எனக்கு வக்கீல் வேண்டும், எனக்கு உரிமை இருக்கிறது என்று அவன் கதறுகிறான். ஹாரி அந்தக் காயத்தின் மேலேயே காலை வைத்து மிதிக்கிறார். கேமரா மேலே மேலே போய், மைதானமே மூடுபனியில் மறைகிறது. நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அடுத்த காட்சியை அன்றைக்கு எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. விடியற்காலையில் குழியிலிருந்து அந்தச் சிறுமியின் உடலை வெளியே எடுக்கிறார்கள். உயிர் இல்லை. மிதித்து வாங்கிய வாக்குமூலத்தால் யாரும் பிழைக்கவில்லை. படம் இதை ஒளிக்காமல் காட்டுகிறது. ஆனாலும் மனதில் நிற்பதென்னவோ ‘மிதித்தார், கக்கினான்’ என்பது மட்டும்தான். பிறகு அரசு வழக்கறிஞரின் அறை. வாரண்ட் இல்லாமல் எடுத்த துப்பாக்கி நீதிமன்றத்தில் செல்லாது, குற்றவாளியை விட்டாக வேண்டும் என்கிறார் அவர். அந்தப் பெண்ணின் உரிமை என்ன ஆயிற்று, அவளுக்காக யார் பேசுவது என்று ஹாரி கேட்கிறார். எங்கள் அறையில் இன்னொரு கைதட்டல். ‘எங்கள் அலுவலகம் பேசும், நீங்கள் விட்டால்’ என்று வழக்கறிஞர் சொல்லும் பதில் அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

அந்தச் சிறுமி படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஹாரியின் காலுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பது ஒன்றுதான் அவளுக்குக் கதை வைத்திருக்கும் வேலை.

நான் இப்போது குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். அந்தக் காட்சியில் சொல்லப்படும் விதி எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. சட்டவிரோதமாகத் தேடிக் கைப்பற்றியதை மாநில நீதிமன்றங்களில் சான்றாக வைக்கக்கூடாது என்ற விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961-இல் வகுத்தது. வழக்கின் பெயர் மாப் எதிர் ஒஹாயோ. டோல்ரீ மாப், கிளீவ்லேண்டில் வசித்த கறுப்பினப் பெண். 1957-இல் ஒரு குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்படும் ஆள் உள்ளே இருப்பதாகச் சொல்லி மூன்று போலீஸ்காரர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் வக்கீலுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, வாரண்ட் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். சில மணி நேரம் கழித்துக் கூடுதல் ஆட்களோடு வந்து கதவை உடைத்தார்கள். வாரண்ட் எங்கே என்று கேட்டவரிடம் ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார்கள். அவர் அதைப் பிடுங்கித் தன் மார்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். கைகலப்பில் அதைத் திரும்ப எடுத்து, அவருக்கு விலங்கு மாட்டி, வீடு முழுக்கப் புரட்டினார்கள். ஆபாசப் புத்தகங்கள் கிடைத்தன என்று அவர்மேல்தான் வழக்கு போட்டார்கள். விசாரணையில் வாரண்ட் என்று எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை.

ஹாரி எரிச்சலோடு தூக்கி எறியும் சட்டம் ஒரு பெண் தன் வீட்டு வாசலில் போலீசை நிறுத்திக் கேள்வி கேட்டதால் கிடைத்தது. படத்திலோ, செத்துப்போன ஒரு சிறுமியை நிறுத்தி, ‘பார், இவளுக்கு விரோதமான சட்டம்’ என்கிறார்கள். இந்த மாற்றிவைப்புதான் என்னை இன்றைக்கும் கோபப்படுத்துகிறது. பேசாமலிருக்கவும் வக்கீல் வைக்கவும் உரிமை உண்டு என்று பிடிபட்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் போலீஸ் விசாரிக்க வேண்டும் என்ற, 1966-இல் வந்த மிராண்டா தீர்ப்பையும் அந்தக் காட்சி குத்திக் காட்டுகிறது. அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்பதற்கு மிராண்டா வரைக்கும் போகவே வேண்டாம். மூன்று கறுப்பினக் குத்தகை விவசாயிகளைச் சவுக்கால் அடித்து ஒப்புக்கொள்ள வைத்த பிரவுன் எதிர் மிசிசிப்பி வழக்கில் 1936-லேயே அது முடிந்த விஷயம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிராண்டா வழக்கில் பாதிக்கப்பட்டவர் ஓர் இளம்பெண். கடத்தல், பாலியல் வன்கொடுமை. அவள் கதி என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி. குற்றவாளியான மிராண்டாவை மறுபடி விசாரித்து, அந்த வாக்குமூலம் இல்லாமலே 1967-இல் தண்டித்தார்கள். இந்த இரண்டாம் பாதியை நான் பார்த்த எந்தப் போலீஸ் படமும் எடுக்கவில்லை.

இந்தக் கணக்கு ஹாரியோடு தொடங்கியதில்லை. 1953-இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘த பிக் ஹீட்’ பாருங்கள். நகரத்தையே விலைக்கு வாங்கி வைத்திருக்கும் ரவுடித் தலைவனை பேனியன் என்ற நேர்மையான துப்பறியும் அதிகாரி எதிர்க்கிறார். தகவல் சொல்ல வந்த லூசி என்ற பெண்ணை அவர் நம்பவில்லை. அவள் சித்திரவதை செய்யப்பட்டுச் சாகிறாள். அவர் ரவுடித் தலைவனின் வீட்டுக்கே போய் அவனைச் சீண்டிவிட்டு வருகிறார். காரில் வைத்த குண்டு அவருக்குப் பதிலாக அவர் மனைவியைக் கொல்கிறது. ரவுடிகளைப் பற்றிய உண்மையைக் கணவன் எழுதிவைத்த கடிதத்தை ஒளித்து வைத்திருக்கும் ஒரு விதவையின் கழுத்தை நெரிக்கப் போகிறார், கடைசி நொடியில் போலீஸ்காரர்கள் வந்துவிடுவதால் அது நின்றுபோகிறது. அவள் இறந்தால் கடிதம் வெளியே வரும் என்பதை டெபியிடம் பேச்சுவாக்கில் சொல்கிறார். டெபி, ரவுடி ஒருவனின் காதலி. அவன் கொதிக்கும் காபியை முகத்தில் ஊற்றியதால் பாதி முகம் வெந்தவள். குளோரியா கிரஹாம் நடித்த வேடம். அவள் போய் அந்த விதவையைச் சுட்டுவிட்டு வருகிறாள். பிறகு காபி ஊற்றியவன் முகத்தில் தானும் காபியை ஊற்றி, அவன் குண்டுக்குச் சாகிறாள்.

நான்கு பெண்கள். ஒவ்வொருத்தி சாகும்போதும் வழக்கு ஒரு படி நகர்கிறது. பேனியன் கையில் ரத்தக் கறை இல்லை, வேலையும் திரும்பக் கிடைக்கிறது. கடைசிக் காட்சியில் புது வழக்குக்குக் கிளம்பும்போது, காபியைச் சூடாக வைத்திருக்கும்படி சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. லாங் அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். அதனால்தான் ‘டர்ட்டி ஹாரி’யைவிட இது எனக்குப் பெரிய படம். ஆணின் நீதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கணக்கை இது மறைப்பதில்லை.

‘த ஃபிரெஞ்ச் கனெக்ஷன்’ (1971) பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க் போலீஸ்காரர் டாயிலைக் குறிவைத்த குண்டு, தள்ளுவண்டியில் குழந்தையோடு போகும் ஒரு தாயைச் சாய்க்கிறது. துரத்தல் முடிவில் டாயில் அந்தக் கொலைகாரனை முதுகில் சுடுகிறார். அந்தச் சூடுதான் படத்தின் போஸ்டரே. ஓடுகிறவன் ஆபத்தானவன் என்று நம்பக் காரணம் இல்லாதபோது சுடுவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1985 ஆயிற்று. மெம்பிஸில் கையில் ஆயுதமில்லாமல் ஓடிய பதினைந்து வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்ற வழக்கு அது.

பெண்ணையே போலீஸ் ஆக்கினால் தீருமா? 1972-இல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் போலீஸ் துறைக்கும் பொருந்தும் என்று ஆன பிறகு, 1976-இல் வந்த மூன்றாவது ஹாரி படத்தில் அவருக்குக் கேட் மூர் என்ற பெண் கூட்டாளி வருகிறார். நடித்தவர் டைன் டேலி, நன்றாகவே செய்தார். கடைசியில் ஹாரியை எச்சரித்துக் காப்பாற்றப் போய் அவரும் சாகிறார்.

எனக்குப் பிடித்த எதிர்ப்பதில் 1996-இல் எஃப். கேரி கிரே எடுத்த ‘செட் இட் ஆஃப்’. லாஸ் ஏஞ்சலஸில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் கறுப்பினப் பெண்கள் நான்கு பேர் வங்கிக் கொள்ளையில் இறங்குகிறார்கள். ஏன் இறங்கினார்கள் என்பதைப் படம் பொறுமையாகச் சொல்கிறது. ஒருத்தியின் தம்பியை, வேறொருவன் என்று நினைத்துப் போலீஸ் சுட்டுவிடுகிறது. அவன் கையில் இருந்தது ஷாம்பெயின் பாட்டில். பார்த்துக்கொள்ள ஆள் வைக்கக் காசில்லாமல் வேலை செய்யும் இடத்துக்குத் தூக்கி வந்த இன்னொருத்தியின் குழந்தையை அரசு எடுத்துக்கொண்டு போகிறது. செத்தவனுக்காகக் கொதிக்கும் உரிமை இங்கே அக்கா ஸ்டோனியிடம் இருக்கிறது. ஹாரியிடமும் பேனியனிடமும் இருந்த அதே கோபம்தான். அந்த ஆண்களுக்குக் கோபத்தோடு பேட்ஜும் இருந்தது, இவளுக்கு இல்லை.

முடிவில் தோழிகள் மூவரும் இறந்து, ஸ்டோனி மட்டும் மெக்சிகோ போகும் பேருந்தில் தப்பிக்கிறாள். தம்பி செத்த நாளில் அங்கே இருந்த துப்பறியும் அதிகாரி அவளைப் பேருந்து ஜன்னலில் பார்த்துவிடுகிறார். பார்த்தும், பார்க்காதது மாதிரி விட்டுவிடுகிறார். விடுதியில் கை தட்டிய எங்கள் ஆறு பேரில் மூன்று பேரோடு இந்தப் படத்தைப் பல வருடம் கழித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் யாரும் தட்டவில்லை. படம் முடிந்து வெகுநேரம் ஸ்டோனியின் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.