நான்கு கண் இரலை: ஹிரோலா பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஹிரோலா என்ற பெயரையே அண்மையில்தான் கேள்விப்பட்டேன். இது மானா? எங்கே வாழ்கிறது?

பதில்: கென்யாவின் வடகிழக்கில், தானா ஆற்றுக்குக் கிழக்கே சோமாலியா எல்லை வரை பரந்து கிடக்கும் வறண்ட புல்வெளிதான் இதன் தாயகம். கரிசா மாவட்டத்துக்குள் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. எல்லைக்கு அப்பால் சோமாலியாவின் தென்மேற்கிலும் முன்பு இது மேய்ந்தது.

மானா என்பதற்குச் சற்று விளக்கம் தேவை. தமிழில் புள்ளிமானையும் வெளிமானையும் மான் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். புள்ளிமானின் கிளைக்கொம்பு விழுந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் முறுக்குக் கொம்போ, உள்ளே எலும்பும் மேலே உறையுமாக ஆயுள் முழுவதும் நிலைத்திருப்பது. இந்த இரண்டாம் வகையை இரலை என்பது பொருத்தம். கிண்டியிலும் கோடியக்கரையிலும் நாம் காணும் வெளிமானைப் போல ஹிரோலாவும் இரலையே. 1888-இல் இதை அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஹன்டர் என்ற ஆங்கிலேயர். அதனால் ‘ஹன்டரின் இரலை’ என்றும் பெயர் உண்டு. அவர் வேட்டையாடியவர்தான் என்றாலும், அந்தச் சொல் இங்கே அவருடைய குடும்பப் பெயர்.

கேள்வி: ‘நான்கு கண் இரலை’ என்று ஏன் சொல்கிறார்கள்?

பதில்: முகத்தை அருகில் பார்த்தால் புரியும். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு, நெற்றியின் குறுக்கே ஒரு வெண்கோடு ஓடுகிறது; மூக்குக்கண்ணாடி அணிந்ததுபோல ஒரு தோற்றம். ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் பெரிய சுரப்பி ஒன்று கருமையாகத் தெரிகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது இரண்டாவது சோடிக் கண்ணாகத் தோன்றுகிறது. வளர்ந்த ஆண், அந்தச் சுரப்பியைப் புல்லின் தண்டில் தேய்த்துத் தன் எல்லையைக் குறிக்கிறது. சாணத்தைக் குவித்தும் புதர்களைக் கொம்பால் சிதைத்தும் அதே செய்தியைச் சொல்கிறது.

கேள்வி: கூட்டமாக வாழுமா? என்ன தின்னும்? தண்ணீர் குறைந்த இடத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பதில்: முழுக்க முழுக்கப் புல் மேய்வது இது, குட்டையான பசும்புல் இருந்தால் மிகவும் விரும்பும். நீருக்கு அதிகம் அலைவதில்லை. தாய்களும் கன்றுகளும் சேர்ந்த சிறு மந்தையை, நல்ல மேய்ச்சல் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஓர் ஆண் தன் எல்லைக்குள் காக்கிறது. நிலம் கிடைக்காத ஆண்கள் தனிக்கூட்டமாகத் திரிகின்றன. கன்று ஈனும் காலத்தில் தாய் மந்தையை விட்டு ஒதுங்கிச் சில நாள் தனியாகவே கன்றுடன் இருக்கும். வெட்டவெளியில் எதிரி வருவதைத் தொலைவிலேயே கண்டுகொள்ள முடிந்த காலத்தில் இந்த வழக்கத்தால் பெரிய கேடு இல்லை. இன்று அதே இடத்தில் புதர் மண்டியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எத்தனை மிஞ்சியிருக்கின்றன? வேட்டைதானே காரணம்?

பதில்: ஐந்நூறுக்கும் குறைவு என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 1970-களில் பல்லாயிரமாக இருந்த இனம் இது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பில் நிற்கும் விலங்குகளின் வரிசையில் வைத்திருக்கிறது. வேட்டையும் நடந்தது, வறட்சியும் வந்தது. ஆனால் வேட்டையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்தால் உண்மையான காரணம் கண்ணில் படாமலே போய்விடும்.

1980-களின் நடுவில் வெக்கை நோய் பரவியது. மாட்டுக் கொள்ளை நோய் என்று நம் ஊரிலும் அஞ்சப்பட்ட அதே நோய்தான், கால்நடைகளிலிருந்து ஹிரோலாவுக்குத் தாவி மந்தை மந்தையாக அழித்தது. 2011-இல் உலகிலிருந்தே அந்த நோய் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்படியானால் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஏறவில்லை. இந்த முடிச்சை அவிழ்த்ததில் கரிசாவிலேயே பிறந்த ஆய்வாளர் அப்துல்லாஹி அலிக்குப் பெரும் பங்கு உண்டு. அவரும் உடன் ஆய்வாளர்களும் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது, 1985-க்கும் 2012-க்கும் இடையில் ஹிரோலாவின் வாழ்நிலத்தில் மரப்பரப்பு 251 விழுக்காடு பெருகியிருந்தது. கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்த ஹிரோலாக்களோ மரமடர்ந்த இடங்களைத் தவிர்த்து, எஞ்சிய புல்திட்டுகளையே நாடின.

மரம் பெருகுவது நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். புல்வெளி விலங்குக்கு அது வீட்டைச் சுருக்குவது. முன்பு அந்த மரங்களை முறித்தும் பிடுங்கியும் வெளியைத் திறந்து வைத்திருந்தவை யானைகள். தந்தத்துக்காக அவை கொல்லப்பட்டுப் பெருமளவு மறைந்தன. கால்நடைகள் புல்லை ஒட்ட மேய்ந்ததால், காய்ந்த புல்லில் தீப் பரவி இளமரங்களை எரிப்பதும் குறைந்தது. யானை போன இடத்தில் முள்மரம் வந்தது, முள்மரம் வந்த இடத்தில் புல் போயிற்று. ஹிரோலாவைக் காக்க விரும்புகிறவர் யானையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: இந்த நிலை நம் ஊர்ச் சீமைக் கருவேல் கதையைப் போல் இருக்கிறதே?

பதில்: ஓரளவு. கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளியைச் சீமைக் கருவேல் சுருக்கியது உண்மை. ஆனால் அது வெளியிலிருந்து வந்த மரம். ஹிரோலாவின் நிலத்தை மூடியவற்றில் பெரும்பாலானவை அந்த மண்ணுக்கே உரிய வேல மரங்கள்.

கேள்வி: வேறு பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய் விடலாமே? உயிரியல் பூங்காக்களில் வளர்க்க முடியாதா?

பதில்: உயிரியல் பூங்கா எதிலும் இன்று ஹிரோலா இல்லை. இடமாற்றம் இரண்டு முறை நடந்தது. 1963-இல் ஒரு சிறு கூட்டத்தைத் தெற்கே சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவில் விட்டார்கள். 1996-இல் மீண்டும் கொண்டுபோகத் தொடங்கியபோது, இந்த விலங்கு எங்கள் மண்ணுக்குரியது என்று உள்ளூர் மக்கள் நீதிமன்றம் சென்று தடை வாங்கினார்கள். சாவோ கூட்டம் அழியவுமில்லை, பெரிதாகப் பெருகவுமில்லை.

அந்த வழக்கைப் பாதுகாப்புக்கு நேர்ந்த இடையூறாகச் சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. கரிசாவில் வாழ்பவர்கள் சோமாலி ஆயர்கள். ஹிரோலா மேயும் நிலத்திலேயே தங்கள் மாடுகளையும் மேய்ப்பவர்கள். தங்கள் விலங்கு என்று அவர்கள் உரிமை கொண்டாடியிராவிட்டால், பின்னாளில் கரிசாவின் இஷாக்பினி என்ற இடத்தில் ஊர் மக்களே நடத்தும் காப்பகம் உருவாகியிருக்காது. 2012-இல் அங்கே இரைகொல்லிகள் நுழைய முடியாத வேலி அமைத்து 48 ஹிரோலாக்களை உள்ளே விட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கூட்டம் இரட்டிப்பானது.

கேள்வி: அப்படியானால் வேலியே தீர்வா?

பதில்: வேலி காலத்தை வாங்கித் தருகிறது, நிலத்தைத் திருத்துவதில்லை. வேலிக்கு வெளியே முள்மரங்களை வெட்டி, உள்ளூர்ப் புல் விதைகளைத் தூவி, யானைகள் திரும்ப வர வழிசெய்வதே நீண்ட வேலை. ஆயர்களிடம் கருத்துக் கேட்டபோது புல் விதைப்பையும் யானைப் பாதுகாப்பையும் வரவேற்றவர்கள், மாடுகளைக் குறைப்பதை மட்டும் ஏற்கவில்லை. இதில் வியப்பில்லை. புல் திரும்பினால் அவர்களுடைய மாட்டுக்கும் அது தீவனம்.

கேள்வி: கென்யா போகிறேன். ஹிரோலாவை நேரில் காண வாய்ப்புண்டா?

பதில்: கரிசாவின் எல்லைப்புறம் பயணிகளுக்கு ஏற்ற இடமல்ல. சாவோ கிழக்குக்குச் செல்லுங்கள். அங்கே கொங்கோனி என்ற மற்றோர் இரலையும் உண்டு. பலர் அதைப் பார்த்துவிட்டு ஹிரோலா என்று மகிழ்ந்து திரும்புகிறார்கள். கொங்கோனியின் முகம் நீண்டு ஒடுங்கியிருக்கும், நெற்றியில் கோடு இராது. யாழ்போல் வளைந்த கொம்பு, வெண்மையான வால், கண்களுக்கு இடையே வெண்கோடு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.