தெரபில "உங்க பார்ட்ஸ் கூட பேசுங்க"ங்கிறாங்க, பயமா இருக்கு, இது ஸ்ப்ளிட் பர்சனாலிட்டியா?

இல்லங்க. உங்க தெரபிஸ்ட் பண்றது அனேகமா ஐஎஃப்எஸ், அதாவது இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ். ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ்னு ஒரு அமெரிக்க ஃபேமிலி தெரபிஸ்ட் 1980கள்ல ஆரம்பிச்சது, அவர்கிட்ட வந்தவங்க "எனக்குள்ள ஒரு பார்ட் இப்படி சொல்லுது"ன்னு தானா பேசுனத கவனிச்சு கேட்டு தான் உருவாக்குனார். நம்ம "ஒரு மனசு போங்குது, ஒரு மனசு வேணாங்குது"ன்னு சொல்றோமே, அதே தான்.

நான் கல்யாணமாகி சவுத் ஆப்பிரிக்கால டர்பன் வந்து ஒன்பது வருஷம், சாட்ஸ்வர்த்ல இருக்கேன். என் பிரச்சனை, சும்மா உக்காரவே முடியாது. மாமியார் இங்கயே பொறந்து வளந்தவங்க, தமிழ் கொஞ்சம் தான் வரும், ஞாயித்துக்கிழமை ஆனா "உக்காரும்மா, உக்காரு"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க, நான் அடுப்ப தேச்சிட்டே இருப்பேன், உள்ள ஒரு குரல் "எல்லாரும் பாக்குறாங்க"ன்னு விரட்டும். ராத்திரி அது தாங்காம ரெண்டு மணி வரைக்கும் ஃபோன். ஐஎஃப்எஸ்ல விரட்டுற பார்ட்டுக்கு மேனேஜர்னு பேரு, ஃபோன எடுக்க வைக்கிற பார்ட்டுக்கு ஃபயர்ஃபைட்டர்னு பேரு, ரெண்டும் சேந்து காவல் காக்குறது உள்ள பூட்டி வச்ச பழைய வலிய, அதுக்கு எக்ஸைல்னு பேரு.

மூணாவது செஷன்ல என் தெரபிஸ்ட் "அந்த குரல் உடம்புல எங்க இருக்கு"ன்னு கேட்டாங்க. தொண்டைக்கு கீழ, இறங்காத மாத்திரை மாதிரி. அத பாத்தா என்ன தோணுதுன்னாங்க, வெறுப்பா இருக்குன்னேன். அந்த வெறுப்பும் ஒரு பார்ட் தான், கொஞ்சம் தள்ளி உக்கார சொல்லுங்கன்னாங்க. அப்புறம், உங்களுக்கு என்ன வயசுன்னு அது நெனச்சிட்டு இருக்கு, கேளுங்கன்னாங்க. இங்கிலீஷ்ல கேட்டேன், ஒண்ணும் வரல. உங்க பாஷைல கேட்டு பாருங்கன்னாங்க. "எனக்கு என்ன வயசு, சொல்லு"ன்னு மனசுக்குள்ள தமிழ்ல கேட்ட உடனே "எட்டு"ன்னு வந்துச்சு.

எனக்கு 36. எட்டு வயசுல ஃபீஸ் கட்டலன்னு என்ன க்ளாஸுக்கு வெளிய நிக்க வச்சாங்க, ஜன்னல் கம்பிய புடிச்சிட்டு உள்ள பாத்துட்டே நின்னேன், கையெல்லாம் துரு வாசம். இன்னொரு தடவ யாரும் என்ன அப்படி நிறுத்திடக் கூடாதுன்னு தான் அந்த குரல் இத்தன வருஷமா தூங்காம விரட்டிருக்கு. அது மேல இருந்த கோவம் அங்கயே போயிடுச்சு, ரொம்ப நேரம் அழுதேன். அப்போ பொறுமையா கேட்டுட்டு இருந்தது யாரு, அதத்தான் செல்ஃப்ங்கிறாங்க.

ஆராய்ச்சி இன்னும் கம்மி தான். 2013ல ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கிற மூட்டு நோய் இருந்த 79 பேர வச்சு பண்ண ஸ்டடில வலியும் மனச்சோர்வும் குறைஞ்சது, ஆனா அத வச்சு எல்லாத்துக்கும் மருந்துன்னு சொல்ல முடியாது. மாத்திரை சாப்பிடுறீங்கன்னா டாக்டர கேக்காம நிறுத்தாதீங்க, எக்ஸைல் கிட்ட வீட்ல தனியா போகாதீங்க, பெரிய அடி பட்டவங்களுக்கு அது ஒரேயடியா பொங்கி வந்துடும்.

உங்களுக்கு இப்ப இருக்கிற பயம் இருக்கே, அதுவும் ஒரு பார்ட் தாங்க. அடுத்த செஷன்ல மொதல்ல அத பேச விடுங்க, எதுக்கு பயப்படுதுன்னு உங்க தெரபிஸ்ட் முன்னாடியே கேளுங்க.