முதலில் ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வைஃபை ரவுட்டர் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் கம்பெனி அப்டேட் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. “ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்” என்கிறான் தம்பி. போடலாமா, அல்லது புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. ஓப்பன்டபிள்யூஆர்டி என்பது கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக ரவுட்டரில் ஏற்றும் இலவசத் திறந்த மூல மென்பொருள்.

ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவைக்கக் கூடாது, அதில் சந்தேகமே வேண்டாம். வீட்டில் உள்ள கருவிகளில் இணையத்தின் வாசலில் நிற்பது அந்தப் பெட்டிதான். 2018 மே மாதம் அம்பலமான விபிஎன்ஃபில்டர் என்ற தீம்பொருள் குறைந்தது 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் புகுந்து உட்கார்ந்திருந்தது. அதில் சிக்கியவற்றில் பெரும்பாலானவை, ஓட்டை இருப்பது ஊருக்கே தெரிந்தும் அடைக்கப்படாமல் கிடந்த பழைய மாடல்கள்.

சரி, ஓப்பன்டபிள்யூஆர்டி போடலாமா? அதை நானோ தம்பியோ சொல்ல முடியாது. ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கர்தான் சொல்லும். திருப்பிப் பாருங்கள். மாடல் எண்ணுக்குப் பக்கத்திலோ பார்கோடு ஓரத்திலோ பொடி எழுத்தில் ‘வெர் 2.0’ என்பது போல ஒன்று இருக்கும். மாடல் பெயரைவிட இந்த எண் முக்கியம். பெயர் மாறாமலே உள்ளே இருப்பதை மாற்றிவிடுவது இந்தத் தொழிலில் வெகுநாள் வழக்கம்.

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. 2002 கடைசியில் வந்த நீலக் கறுப்புப் பெட்டி. உள்ளே லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் ஓடுவதை ஆட்கள் கண்டுபிடித்துக் கேள்வி கேட்க, 2003இல் அதன் மூல நிரலைக் கம்பெனி வெளியிட வேண்டியதாயிற்று. 2004இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி அதிலிருந்து கிளைத்ததுதான். பெயரிலேயே அந்த மாடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 2005இல் வந்த அதே ரவுட்டரின் ஐந்தாம் பதிப்பில் ஃபிளாஷ் (மென்பொருள் தங்கும் இடம்) 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகவும், ரேம் (ஓடும்போது பயன்படும் நினைவகம்) 16 எம்பியிலிருந்து 8 எம்பியாகவும் குறைந்தது. லினக்ஸையும் எடுத்துவிட்டார்கள். பெயர் அதேதான்.

பதிப்பு எண் கிடைத்ததும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஹார்டுவேர் அட்டவணையில் தேடுங்கள். ஃபிளாஷ், ரேம் என்று இரண்டு எண்கள் இருக்கும். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் என்றால் அந்தப் பெட்டியை மறந்துவிடலாம். அவற்றுக்கான ஆதரவு ஓப்பன்டபிள்யூஆர்டியின் 19.07 பதிப்பு வரிசையோடு 2022இல் முடிந்துவிட்டது. டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் என்ற சின்ன ரவுட்டரின் பல பதிப்புகள் இந்த ரகம்தான். 8 எம்பியும் 64 எம்பியும் இருந்தால் போடலாம், ஆனால் மூச்சு வாங்கும். கூடுதலாக எதையும் நிறுவ இடமிருக்காது. 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். உங்கள் எட்டு வயது ரவுட்டர் கொஞ்சம் நல்ல மாடலாக இருந்தால் இந்த வகையில் வர வாய்ப்பு உண்டு.

தம்பி சொன்ன மீதிப் பாதிக்கு வருவோம். புதுசு மாதிரி எல்லாம் ஆகாது. போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால் 100தான். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இல்லாத பெட்டிக்கு எந்த மென்பொருளும் அதைக் கொண்டுவராது. பாதுகாப்பு அப்டேட்டுகள், பல பழைய சிப்களிலும் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை, விருந்தினருக்குத் தனி வைஃபை, இவை கிடைக்கும். இவற்றோடு எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மை வசதி.

வீட்டில் ஒருவர் வீடியோவை அப்லோட் செய்யத் தொடங்கியதும் இன்னொருவரின் வீடியோ அழைப்பு திணறும், பார்த்திருப்பீர்கள். லைனில் வேகம் இல்லாததால் மட்டும் அப்படி நடப்பதில்லை. போகவேண்டிய தரவுப் பொட்டலங்கள் மோடத்தில் நீண்ட வரிசையில் காத்துக்கிடக்க, குரல் பொட்டலம் அந்த வரிசையின் கடைசியில் மாட்டிக்கொள்கிறது. எஸ்க்யூஎம்மில் உங்கள் லைன் வேகத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கொடுத்து, ‘கேக்’ என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரின் கைக்கு வந்துவிடும்; யாரும் யாரையும் மறிக்காதபடி அது பிரித்து அனுப்பும். வேகச் சோதனையில் எண் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அழைப்பு திணறாது.

கேள்வி: ஓப்பன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி, ஃப்ரெஷ்டொமேட்டோ என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எதைப் போடுவது?

பதில்: உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்தது. பிராட்காம் வைஃபை சிப் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டியில் வைஃபை சரியாக வராது; அந்தக் கம்பெனியின் டிரைவர்கள் மூடியே இருக்கின்றன. அத்தகைய ரவுட்டருக்கு ஃப்ரெஷ்டொமேட்டோ நல்லது. அது பிராட்காம் பெட்டிகளுக்காகவே இருப்பது, பார்க்கவும் எளிமை. மற்ற சிப்களுக்கு என் ஓட்டு ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு. டிடி-டபிள்யூஆர்டி நிறைய மாடல்களில் ஓடும், ஆனால் தேதி போட்ட பீட்டாக்களாகவே (சோதனைப் பதிப்புகளாகவே) வெளிவருகிறது. எந்தத் தேதிப் பதிப்பு நம் பெட்டிக்கு ஒத்துவரும் என்று தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

கேள்வி: ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள்மென்பொருள்) மாற்றும்போது ரவுட்டர் செங்கல்லாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: ஆகும், அதாவது எதற்கும் அசையாத வெறும் பெட்டியாகிவிடும்; எனக்கே ஆயிற்று. இரண்டாம் பதிப்பு என்று நினைத்து நான் ஃபர்ம்வேரை ஏற்றிய ரவுட்டர் உண்மையில் மூன்றாம் பதிப்பு. ஸ்டிக்கரைப் பார்க்காமல் அட்டைப்பெட்டியைப் பார்த்து முடிவு செய்த கோளாறு. மின்விளக்கு மட்டும் விடாமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, வேறு எந்த அசைவும் இல்லை. மீட்கும் வழியைத் தேடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: வீட்டு இணையமே அந்தப் பெட்டி வழியாகத்தான். கைபேசியின் சின்னத் திரையில் வழிமுறையைப் படித்தபடி, லேப்டாப்புக்கு ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, அதில் ஃபைல் அனுப்பும் டிஎஃப்டிபி சர்வரை ஓடவிட்டு, குண்டூசியால் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரம் கொடுத்தேன். மூன்றாவது முயற்சியில்தான் ஃபைலை எடுத்துக்கொண்டது.

ஆகவே உங்கள் மாடலுக்கான பக்கத்தை, மீட்கும் வழி உட்பட, முதலிலேயே கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பழைய ஃபர்ம்வேரையும் இறக்கி வையுங்கள். ஃபைலில் இரண்டு வகை இருக்கும்: கம்பெனி மென்பொருளிலிருந்து முதல்முறை மாறுவதற்கு ‘ஃபேக்டரி’; ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி இருந்தால் ‘சிஸ்அப்கிரேட்’. ஃபைல் சிதையாமல் வந்ததா என்று அறிய, அதன் எஸ்எச்ஏ256 எண்ணை இறக்கிய பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வைஃபை வழியாக ஏற்றவே வேண்டாம், கேபிள்தான். ஏற்றும்போது மின்சாரம் போய்விடக் கூடாது. அப்புறம், வீட்டுக்கு அந்த ஒரு ரவுட்டர்தான் என்றால், எல்லோரும் வேலையில் இருக்கும் பகல் நேரத்தில் இதில் கை வைக்காதீர்கள்.

வாரண்டி போய்விடுமே என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் போய்விடும். பழைய ரவுட்டருக்கு அது எப்போதோ முடிந்திருக்கும்.

கேள்வி: ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்றிவிட்டேன். வைஃபை பெயரே தெரியவில்லை. போச்சா?

பதில்: போகவில்லை. பெரும்பாலான மாடல்களில் முதல்முறை வைஃபை அணைந்த நிலையில்தான் வரும், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கேபிளில் இணைத்து பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்டு காலி. முதல் வேலையாக ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். பிறகு வயர்லெஸ் பக்கத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்து, வைஃபைக்கும் பாஸ்வேர்டு கொடுத்து இயக்குங்கள்.

கேள்வி: மாற்றிய பிறகு இணைய வேகம் பாதியாகிவிட்டது. முன்பு கம்பெனி மென்பொருளில் முழு வேகமும் வந்தது. ஏன்?

பதில்: கம்பெனி மென்பொருள் பொட்டலங்களை அனுப்பும் வேலையை சிப்பில் உள்ள தனி வன்பொருளிடம் தள்ளிவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டி அந்த வேலையைப் பல பெட்டிகளில் பிராசசரிடமே கொடுக்கிறது. பழைய பிராசசர் அதிவேக லைனுக்கு ஈடுகொடுக்காது. ஃபயர்வால் பக்கத்தில் ‘ஆஃப்லோடிங்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது, போட்டுப் பாருங்கள். மீடியாடெக் எம்டி7621 போன்ற சிப் என்றால் அதில் ஹார்டுவேர் ஆஃப்லோடிங்கும் கிடைக்கும். ஆனால் அதைப் போட்டால் எஸ்க்யூஎம் ஒழுங்காக வேலை செய்யாது. இரண்டில் ஒன்றுதான். லைன் வேகம் பல நூறு எம்பிபிஎஸ் என்றால், பழைய பெட்டியோடு மல்லுக்கட்டாமல் புதிது வாங்குவதே புத்திசாலித்தனம். பழையது வேறு அறையில் வைஃபை கொடுக்க மட்டும் இருக்கட்டும். அந்த வேலைக்கு இவ்வளவு பிராசசர் பலம் தேவைப்படாது.

கேள்வி: இணைய நிறுவனம் கொடுத்த மோடத்திலேயே ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். அது அவர்கள் சொத்து, லைனே நின்றுபோகலாம். அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டுங்கள்.

கேள்வி: இதற்கென்றே ஒரு ரவுட்டர் வாங்க நினைக்கிறேன். பழையது வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், அட்டவணையைப் பார்த்துவிட்டு. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 பழைய சந்தையில் பலரும் தேடும் மாடல்; இரண்டாம் பதிப்பில் 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் உண்டு. ஆனால் முதல் பதிப்பை வாங்கிவிட்டால் ஓப்பன்டபிள்யூஆர்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வராது, அதிலுள்ள சிப்பின் ஆரம்ப வடிவத்துக்கு டிரைவர் இல்லை. புதிதே வேண்டும், செங்கல் பயமும் வேண்டாம் என்றால், ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தாரே 2024இல் வெளியிட்ட ‘ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்’ என்ற ரவுட்டர் இருக்கிறது. ரேம் 1 ஜிபி. மீட்பதற்கென்றே தனியாக இன்னொரு ஃபிளாஷ் சிப் வைத்திருக்கிறார்கள்.

பழையது வாங்கினால் விற்பவரிடம் ரவுட்டரின் முன்பக்கப் படம் கேட்காதீர்கள். அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். “அதே மாடல்தாங்க” என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.