மியூனிக்கிலிருந்து பிளாரன்ஸ்: வாடகைக் காரில் போகலாமா?

வயதான அப்பா அம்மாவுடன் ஜெர்மனியின் மியூனிக்கில் வாடகைக் கார் எடுத்து, ஆஸ்திரியா வழியாக இத்தாலியின் பிளாரன்ஸுக்குப் போகலாமா, பிறகு ரோமில் காரை ஒப்படைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால், ரோமில் காரை விட்டுவிடும் திட்டத்தைக் கைவிடுங்கள். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் ஒப்படைத்தால் கூடுதல் கட்டணமே வாடகையைத் தாண்டிவிடக்கூடும். காரை மியூனிக்கிலேயே திரும்ப ஒப்படையுங்கள்; இடையில் ரோமுக்குப் போய்வர பிளாரன்ஸிலிருந்து ரயில் இருக்கிறது. எந்தெந்த நாடுகளுக்குள் போவீர்கள் என்பதை வாடகை நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு விக்னெட் எனும் சாலைக் கட்டண அனுமதி கட்டாயம். இன்ஸ்புருக்கைத் தாண்டி இத்தாலிய எல்லையிலுள்ள பிரென்னர் கணவாய்க்கு ஏறும் சாலைக்கு அது செல்லாது, தனிச் சுங்கம் உண்டு. இத்தாலியில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது பணம் கட்டுவீர்கள். தானாகச் சுங்கம் கழிக்கும் கருவி பொருத்திய வண்டிகளுக்கான மஞ்சள் நிற டெலிபாஸ் தடத்தில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள்.

உங்கள் திட்டத்தில் என்னைக் கவலைப்படுத்துவது பிளாரன்ஸின் நடுவே அறை எடுத்திருப்பதுதான். அந்தப் பழைய வீதிகளில் அனுமதியில்லாத வண்டிகளைக் கேமரா படம் பிடித்துவிடும். தடுப்பும் இருக்காது, காவலரும் இருக்கமாட்டார். ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து அபராதம் வரும்; வாடகை நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடிக்கும். ஆகவே, ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையக்கூடிய வில்லா கோஸ்தான்சா கார் நிறுத்துமிடத்தில் காரை விட்டு, அங்கேயே டிராம் ஏறுங்கள். வயதான அப்பா அம்மாவுக்கும் அதுதான் சிரமமில்லாத வழி.