செல்போன் திடீரென்று அலறினால்: குழந்தை கடத்தல் எச்சரிக்கை பற்றிய கேள்விகள்

மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஒரு நாள் இரவு வீட்டிலிருந்த எல்லா செல்போன்களும் ஒரே நேரத்தில் அலறின. 'ஆம்பர் அலர்ட்' என்று போட்டு ஒரு கார் எண் இருந்தது. இது என்ன? எங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? – வாசகி, டாலஸ்

கடத்தப்பட்ட குழந்தையைக் கண்டுபிடிக்க ஊருக்கே விடுக்கும் எச்சரிக்கைதான் ஆம்பர் அலர்ட். இந்த ஏற்பாடு பிறந்ததே நீங்கள் இருக்கும் பகுதியில்தான். 1996 ஜனவரி 13 அன்று, பக்கத்து ஊரான ஆர்லிங்டனில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த 9 வயது ஆம்பர் ஹேகர்மேனை ஒருவன் பிக்கப் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனான். பார்த்தவர் உடனே போலீஸுக்குச் சொன்னார். ஆனால் அந்த வண்டியைப் பற்றி ஊருக்கே சொல்ல அன்று வழியில்லை. நான்கு நாள் கழித்து ஓர் ஓடையில் உடல் கிடைத்தது. புயல் வந்தால் ரேடியோவில் எச்சரிக்கிறார்களே, குழந்தையைக் கடத்தினால் எச்சரிக்கக் கூடாதா என்று எழுந்த குரலில்தான் டாலஸ் வட்டார வானொலிகளும் போலீஸும் கைகோத்து, அவள் பெயரிலேயே இதைத் தொடங்கின.

உங்கள் நம்பர் யாரிடமும் போகவில்லை. வந்தது எஸ்எம்எஸ் அல்ல, செல் பிராட்காஸ்ட். குறிப்பிட்ட டவர்கள் செய்தியை ஒலிபரப்பும். அந்த எல்லைக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நெட்வொர்க்கில் நெரிசல் இருந்தாலும் வந்துவிடும். 2013 ஜனவரி முதல் இப்படி அனுப்புகிறார்கள். தொடக்கத்தில் 90 எழுத்துதான் அனுமதி, பிறகு 360 ஆக்கினார்கள். கார் எண்ணுக்கு முதலிடம் தருவதற்குக் காரணம் உண்டு. குழந்தையைப் பின்சீட்டில் படுக்க வைத்து மறைத்துவிடலாம், சட்டையை மாற்றிவிடலாம். நம்பர் பிளேட்டை ஓடும் வண்டியில் அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

அந்த வண்டியைக் கண்டால் துரத்தாதீர்கள், மறிக்காதீர்கள். அமெரிக்காவின் அவசர எண்ணான 911-ஐ அழைத்து கார் எண், நிறம், எந்தச் சாலை, எந்தத் திசை, கடைசியாகக் கடந்த எக்ஸிட் (நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் வழி) எண், நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுபவர் நீங்களே என்றால் பக்கத்தில் இருப்பவர் பேசட்டும்.

காணாமல் போகும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏன் இப்படி அறிவிப்பதில்லை? – வாசகர், ஹூஸ்டன்

தினமும் நாலு முறை அலறினால் ஐந்தாம் முறை மக்கள் அதை அணைத்துவிடுவார்கள். இந்த வகை எச்சரிக்கையை செட்டிங்ஸில் அணைக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். (தயவுசெய்து அணைக்காதீர்கள்.) எனவே அமெரிக்க நீதித்துறை பரிந்துரைக்கும் வரையறை கடுமையானது: கடத்தல்தான் என்று போலீஸ் நம்பக் காரணம் வேண்டும், உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து இருக்க வேண்டும், வயது 17 அல்லது அதற்குக் கீழ், பொதுமக்கள் அடையாளம் காணும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும், தேசியக் குற்றப் பதிவுக் கணினியில் ஏற்றியிருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஆபத்து உண்டென்றால் எச்சரிக்கை வரும். வெறும் பராமரிப்பு உரிமைத் தகராறு என்றால் பெரும்பாலும் வராது.

நடைமுறையில் அதிகம் சறுக்குவது அந்த 'விவரம்' என்ற இடத்தில்தான். "வெள்ளை கார்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்கிறார்களே? – வாசகி, நியூ ஜெர்சி

தவறு. இந்த நம்பிக்கை குழந்தைகளின் உயிரோடு விளையாடுகிறது. காத்திருக்கச் சொல்ல 1990-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தரவில்லை. புகார் கிடைத்த 2 மணி நேரத்துக்குள் கணினியில் ஏற்ற வேண்டும் என்பதும் பின்னர் சட்டமானது. கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளைப் பற்றி வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆய்வில், நான்கில் மூன்று பங்கினர் முதல் 3 மணி நேரத்திலேயே கொல்லப்பட்டிருந்தார்கள்.

முதலில் வீட்டுக்குள் வேகமாகத் தேடுங்கள்: கட்டிலடி, அலமாரி, துணிக்குவியல், கார் டிக்கி, பழைய ஃப்ரிட்ஜ். சிறு குழந்தைகள் ஒளிந்து, அங்கேயே மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. இல்லையென்றால் உடனே 911. முகம் நேராகத் தெரியும் அண்மைப் படம், உயரம், எடை, உடுத்தியிருந்த துணி, மச்சம், தழும்பு எல்லாம் தயாராக இருக்கட்டும். குழந்தையின் அறையைப் பெருக்காதீர்கள், படுக்கை விரிப்பைத் துவைக்காதீர்கள், பல் துலக்கும் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். டிஎன்ஏவும் மோப்ப நாய்க்கு வாசனையும் அங்கேதான் இருக்கின்றன.

கடையில் தொலைந்தால்? – அதே வாசகி

ஊழியரிடம் "கோட் ஆடம்" என்று சொல்லுங்கள். 1994-இல் வால்மார்ட் தொடங்கிய முறை இது. வாசல்களில் ஆள் நிறுத்திவிட்டுக் கடை முழுக்கத் தேடுவார்கள்; 10 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் போலீஸை அழைப்பார்கள். காலணியின் நிறத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். சட்டையை மாற்றுபவன்கூடப் பெரும்பாலும் காலணியை மாற்றாமல் விட்டுவிடுவான்.

நம் ஊரில் என்ன செய்வது? – வாசகர், சேலம்

2023-இல் உங்கள் போனும் ஒருமுறை இப்படி அலறியிருக்கலாம். பேரிடருக்காக மத்திய அரசு அதே செல் பிராட்காஸ்ட் முறையைச் சோதித்தது. குழந்தையைக் காணோம் என்றால் 112 (அவசர உதவி), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டுக்கும் அழையுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரில் எஃப்ஐஆர் போட வேண்டும், கடத்தல் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தயங்குபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

'பிள்ளை பிடிக்கிறவர்கள்' என்று வரும் வாட்ஸ்அப் ஃபார்வர்டை மட்டும் அனுப்பாதீர்கள். 2018 மே மாதம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவர் அந்த வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். எஃப்ஐஆர் எண், காவல் நிலையத்தின் பெயர், தேதி மூன்றும் இல்லாத படத்தைப் பகிராதீர்கள். குழந்தை கிடைத்துவிட்டால், பகிர்ந்த எல்லா இடத்திலும் அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள்.