ஹோட்டல் மும்பை திரைப்படம் நம்பிக்கையையும் அடையாளத்தையும் எவ்வாறு காட்டுகிறது?

2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய மும்பைத் தாக்குதலைக் கூறும் இப்படத்தில், நம்பிக்கை வசனங்களைவிட உடலிலும் உடையிலுமே அதிகம் பேசுகிறது. தேவ் படேல் நடித்த அர்ஜுன் ஒரு சீக்கியப் பரிசாரகர். அவருடைய தாடியையும் தலைப்பாகையையும் கண்டு அஞ்சும் முதிய விருந்தாளியிடம், தலைப்பாகை தமக்கு மானத்தின் அடையாளம் என்று பணிவாக விளக்கி, அவர் விரும்பினால் கழற்றிவிடவும் முன்வருகிறார். பின்னர் அதே துணியை அவிழ்த்துக் காயம்பட்ட பெண்ணுக்குக் கட்டுப்போடுகிறார். படத்தின் மிகச் சிறந்த இடம் இதுவே என்பேன்.

மறுபுறம், ஸஹ்ரா என்ற பணயக்கைதி அரபியில் தொழுகை வாசகங்களை ஓதத் தொடங்கியதும், தொலைபேசியில் சுடச் சொல்லும் குரலை மீறி தாக்குதல்காரர்களில் ஒருவனான இம்ரான் என்ற இளைஞன் அவளை விட்டுச் செல்கிறான். மார்க்கத்தின் பெயரால் ஏவப்பட்டவனை மார்க்கத்தின் சொற்களே தடுத்துவிடுகின்றன. ஆனால் அவள் மட்டும் தப்ப, அருகிலிருந்தவர்கள் இறந்துகிடக்கிறார்கள் என்பது உறுத்துகிறது.

மட்டக்களப்பில் இருந்து பார்க்கும் எனக்கு அர்ஜுனின் காட்சி வெறும் கதையன்று. 2019 ஏப்ரல் 21 அன்று இங்கே சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டு வெடித்த பின்னர், அபாயா அணிந்த பெண்கள் பேருந்தில் ஏறினாலே பார்வைகள் திரும்பின. அதே வாரத்தில் அம்பாறை மாவட்டத்துச் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த அத்தீவிரவாதிகளின் கூட்டாளிகளைக் குறித்துத் தகவல் சொன்னவர்களோ அவ்வூர் முஸ்லிம்கள்தாம்.